முடிவைச் சொன்னால் டீ கிடையாது

எங்கள் வீட்டில் மர்மப் படம் பார்ப்பதற்குச் சட்டதிட்டங்கள் உண்டு. படம் ஓடும்போது மின்விசிறி ஓடக் கூடாது, காலடிச் சத்தம் காதில் விழாமல் போய்விடும். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட வேண்டும். படத்தை முன்பே பார்த்தவர் முடிவைச் சொல்லக் கூடாது, சொன்னால் அன்று அவருக்கு டீ கிடையாது. சட்டம் போட்டவர் என் மாமியார். அதை முதலில் மீறியவர் என் கணவர். ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த டாக்டர்தான் கொல பண்ணான்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனார். சாயங்காலம் வந்து பார்த்தால் அடுப்பு பற்றவைக்கவே இல்லை. பேசாமல் தெருமுனைக் கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தார்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. அம்பத்தூரில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகளில் வளர்ந்தவள். பக்கத்து வீட்டில் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்மல் வரும். அப்படி இருந்தவளைக் கல்யாணம் செய்து பாரிவாக்கத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அப்போது எங்கள் தெருவில் வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. மீதியெல்லாம் கல் நட்ட மனைகள், அவற்றில் ஆள் உயரத்துக்கு முள்செடி. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வேலை. முதல் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால், பட்டப்பகலில் தெருவில் ஒரு ஈ காக்காய் இருக்காது. அந்த மனைகளைப் பார்த்தால் பயம். அவற்றில் இருக்கும் பாம்புகளை நினைத்தால் பயம். எல்லாவற்றையும் தாண்டி வீட்டுக்குள் நுழைந்தால் மாமியார் உட்கார்ந்திருப்பார், அவரைப் பார்த்தால் இன்னும் பயம்.

கல்யாணமான புதிதில் ஒரு மதியம், நான் முகம் கழுவிவிட்டு வந்ததும், "வாமே, படம் பாக்கலாம்" என்று கூப்பிட்டார். மாமியார் மருமகள் சண்டைப் படம் எதையோ போட்டு எனக்குப் பாடம் நடத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். வந்ததோ கறுப்பு வெள்ளையில் ஒரு மலை பங்களா. மழை. மாடிப்படியில் யாரோ ஏறுகிறார்கள். முகத்தைக் காட்டவில்லை, ஈரமான பூட்ஸை மட்டும் காட்டுகிறார்கள். அந்த பூட்ஸ் ஒரு கதவுக்கு முன்னால் வந்து நின்றது. நான் "ஐயோ" என்று கத்திக்கொண்டு பக்கத்திலிருந்த கையைப் பிடித்துவிட்டேன். மாமியாரின் கை. அவர் அதை இழுத்துக்கொள்ளவில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. எனக்கு மாமியார் கையைத் தொடுகிற தைரியமே பயத்தில்தான் வந்தது.

அன்றிலிருந்து வாரத்தில் பாதி நாள் எங்களுக்கு மதியக் காட்சி. டிவியில் இன்டர்நெட் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். ரிமோட்டை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "பழைய மர்மப் படம்" என்று அதட்டுவார். டிவிக்கு அவர் பேச்சு புரியாமல் ஏதாவது பக்திப் படத்தைப் போடும். "உன்னியா கேட்டேன்?" என்று அதையும் திட்டுவார்.

என் கணவர் செல்போனில் பார்க்கும் இந்தக் காலத்துப் படங்களை நானும் எட்டிப் பார்த்திருக்கிறேன். முதல் காட்சியிலேயே கழுத்தை அறுத்துவிடுகிறார்கள். ரத்தம் குடம் குடமாகக் கொட்டுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே நான் புளிசாதம் சாப்பிட்டு முடித்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. பழைய படத்தில் ரத்தமே இருக்காது. ஒரு கதவின் கைப்பிடி மெல்லத் திரும்பும், அவ்வளவுதான். நான் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். நம் வீட்டிலும் கதவு இருக்கிறது, அதற்கும் கைப்பிடி இருக்கிறது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். படம் முடிந்த பிறகு குளியலறைக்குத் தனியாகப் போகப் பயந்து எத்தனையோ நாள் அத்தையைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறேன். அத்தை என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன்.

அத்தைக்குப் பார்த்த படங்களையே திரும்பப் பார்ப்பதில்தான் அதிக விருப்பம். "கதைதான் தெரியுமே அத்தை, எதுக்கு மறுபடியும் பயப்படணும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தெரிஞ்சதாலதாம்மே நல்லா பயப்பட முடியுது. எங்க போய் முடியும்னு தெரியாம பயந்துகினு இருக்கறது இன்னா பொயப்பு?" என்றார்.

எங்கே போய் முடியும் என்று தெரியாத பயம் அவருக்குப் பழக்கமானதுதான். இரண்டு பையன்களைக் கையில் கொடுத்துவிட்டு மாமனார் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமைத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தார். லீவு நாள் வந்தால் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் படத்துக்குப் போவாராம். பெரியவனுக்கு ஒரு தொடை, சின்னவனுக்கு ஒரு தொடை. என் கணவர்தான் பெரியவர். அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதற்கு முன்பே, கொலைகாரனைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டார் என்று அத்தை பெருமையாகச் சொல்லுவார். இப்போது என் கணவரைக் கேட்டால், "அதெல்லாம் யாரு பாக்கறா" என்று எழுந்து போய்விடுவார்.

கண்டுபிடிக்க அத்தை ஒரு வழி வைத்திருந்தார். முடிவு வருவதற்குச் சற்று முன்னால் படத்தை நிறுத்திவிடுவார். யார் மேல் சந்தேகம், ஏன் சந்தேகம் என்று சொன்ன பிறகுதான் மீதிப் படம். நான் எப்போதும் பெரிய மீசை வைத்தவனையோ, தோட்டக்காரனையோ சொல்லித் தோற்பேன்.

"மூஞ்ச கெட்டவன் மாரி வெச்சுகினு கீறான் பாரு, அவன் பண்ணியிருக்க மாட்டான். அவன் உன்ன ஏமாத்தறதுக்குன்னே வந்தவன். தேவையே இல்லாம எவன் நல்லவனா இருக்கறான்னு பாரு. கேக்காமயே கொட புடிக்கறான், கேக்காமயே தண்ணி மொண்டு தரான். அவன் மேல ஒரு கண்ணு வெய்யி" என்பார்.

அவர் சொன்னது பெரும்பாலும் பலித்தது. தேவையில்லாத அன்புதான் அவருக்குத் தடயம்.

எங்கள் வீட்டில் அந்தத் தடயத்துக்கு வழியே இல்லை. என் கணவருக்கு அம்மாவிடம் பேசத் தெரியாது, திட்டத்தான் தெரியும். மோட்டாரை ஏன் அணைக்கவில்லை, கண்ணாடியை எங்கே போட்டாய், மாத்திரையை ஏன் தலையணைக்கு அடியில் வைக்கிறாய் என்று வீட்டுக்குள் வந்ததும் தொடங்கிவிடுவார். அத்தையும் சளைத்தவர் இல்லை. "பெரிய கலெக்டரு வந்துட்டாரு, எழுந்து நில்லுங்க எல்லாரும்" என்பார். கல்யாணமான புதிதில் அடிதடியாகிவிடுமோ என்று நடுங்கியிருக்கிறேன். அவர்கள் அன்பாக இருப்பதே அப்படித்தான் என்று புரிய எனக்கு நாளாயிற்று.

போன வருஷம் வெயில் ஏறத் தொடங்கிய சமயத்தில் அத்தைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிட்டது என்பார். வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்தார். ஜாக்கெட்டெல்லாம் தோளிலிருந்து நழுவியது. நான் ஒவ்வொன்றையும் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். தைத்த கொஞ்ச நாளில் அதுவும் நழுவியது. அப்போதுதான் எனக்குள் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ரிசல்ட் சொல்லும் நாளில் டாக்டர் எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, "பேஷண்ட் கொஞ்சம் வெளிய இருக்கட்டும்" என்றார். அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவைச் சாத்தும்போது எங்கள் இருவர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். இரைப்பையில் கட்டி, ஆபரேஷன் செய்ய வேண்டும், திறந்து பார்த்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது ஒன்றும் என் காதில் ஏறவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தையைப் பெஞ்சிலேயே உட்காரவைத்துவிட்டு, வண்டி நிறுத்தும் இடத்தில் வைத்து முடிவெடுத்தோம். ஓசூரில் இருக்கும் கொழுந்தனாருக்கு என் கணவர் போன் போட்டார். "அம்மாகிட்ட சொல்லவே கூடாது" என்று அவர் அங்கிருந்து அழுதார். எங்கள் பக்கத்தில் அந்த நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லும் வழக்கம் கிடையாது. நமக்குள் பேசும்போதுகூட "அந்த வியாதி" என்றுதான் சொல்வோம். சொந்தத்தில் ஒருவர், வியாதியின் பெயரைக் கேட்டதுமே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை என்று ஒரு கதை உண்டு. அத்தையும் அப்படித் திரும்பிப் படுத்துவிட்டால்? ஆபரேஷனே வேண்டாம் என்றுவிட்டால்? அந்தப் பயத்தில் நானும் தலையாட்டினேன்.

"ஒன்னும் இல்லம்மா. வயித்துல புண்ணு. சின்ன ஆபரேஷன் பண்ணா சரியாப் போயிடும்" என்றார் என் கணவர்.

"சரி" என்றார் அத்தை.

இவ்வளவு சுலபமாக நம்பிவிட்டாரே என்று ஆட்டோவில் எனக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு வந்த மதியங்களை எப்படிக் கடந்தேன் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. படத்தில் ஒரு பெண் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவாள். மேலே கதவுக்குப் பின்னால் ஒருவன் நிற்கிறான் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. முன்பெல்லாம் "போகாதடி" என்று நான் கத்துவேன், அத்தை சிரிப்பார். இப்போது கத்த வாய் வரவில்லை. என் பக்கத்தில் அத்தை ரஸ்க்கை டீயில் நனைத்து நனைத்து, எறும்பு கடிப்பதைப் போலக் கடித்துக்கொண்டிருக்கிறார். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. மின்விசிறி ஓடாத அறையில் எனக்கு வியர்த்துக் கொட்டும்.

"இன்னாமே, எத்தினி தபா பாத்த படம், இதுக்குப் போயி இப்டி நடுங்கற?" என்பார்.

"பயமா இருக்கு அத்தை" என்பேன். அது பொய் இல்லை. அந்த நாட்களில் அவர் முன்னால் நான் பயப்படுவதற்கும் அழுவதற்கும் எனக்குக் கிடைத்த ஒரே சாக்கு அந்தப் படங்கள்தான். திரையில் ஒரு சாவு விழுந்தால் போதும், முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

வீட்டில் எல்லோரும் நல்லவர்களாகிவிட்டோம். குழம்பில் உப்பு இல்லை என்று அத்தை சொன்னால், "ஆமாம் அத்தை, என் தப்புதான்" என்றேன். அதற்கு முன்பு அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்ததே இல்லை. கொழுந்தனார் வேலை நாளில் லீவு போட்டுவிட்டு ஓசூரிலிருந்து திராட்சையோடு வந்து, அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருநாள் அத்தை மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோனார். தொட்டி வழிந்து தண்ணீர் தெருவரைக்கும் ஓடியது. என் கணவர் வந்தார், ஈரத்தில் நடந்துபோய் மோட்டாரை அணைத்தார், "பரவால்லம்மா" என்றார். அந்தப் "பரவால்லம்மா"வைக் கேட்டபோது எனக்கே முதுகு சில்லிட்டது.

இத்தனைக்கும் மேல் பக்கத்து வீட்டு பாயம்மா. அவர்கள் வீட்டு முருங்கை மரத்திலிருந்து கம்பளிப்பூச்சி எங்கள் சுவரேறி வருகிறது என்று அத்தைக்கும் அவருக்கும் வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை. என் கணவர் அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தார், அவசரத்துக்கு ஆள் வேண்டுமே என்று. மறுநாளே ஒரு தூக்குவாளி நிறைய நோன்புக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு, "அக்கா, வயித்துக்கு எதமா இருக்கும், சூடா குடிங்க" என்று வந்து நின்றார். மரத்தையும் கிளை கிளையாகக் கழித்துவிட்டிருந்தார். அத்தை தூக்குவாளியை வாங்கி மூடியைத் திறந்து வாசம் பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கப்போகும் வாரம் ஒரு மதியம். அத்தை அந்த மலை பங்களா படத்தைத்தான் போடச் சொன்னார். அவர் சொன்னபடி கம்பளியை மாட்டினேன், மின்விசிறியை அணைத்தேன். பூட்ஸ் வந்தது, கதவு வந்தது. முடிவுக்குச் சற்று முன்னால் வழக்கம்போலப் படத்தை நிறுத்தினார்.

"யாரு மேல சந்தேகம் சொல்லு" என்றார்.

"இதுதான் தெரியுமே அத்தை."

"படத்த கேக்கல. நான் சொல்றேன் கேளு. உம் புருஷன் என்ன திட்டி எத்தினி நாளாச்சு? தொட்டி ரொம்பி தெருவெல்லாம் தண்ணி, பரவால்லங்கறான். சின்னவன் வேல நாள்ல வந்து கால அமுக்கறான். நீ உப்பு இல்லன்னா ஆமாங்கற. அது கூட போவட்டும். நோம்பே இல்லாத மாசத்துல பாயம்மா நோம்புக் கஞ்சி காச்சிகினு வந்து நிக்குது. புண்ணுக்கா இத்தினி பேரு நல்லவங்களா ஆவாங்க?"

அறை இருட்டாக இருந்தது. திரையில் பாதி திறந்த கதவு அப்படியே நின்றது. "அத்தை" என்று ஏதோ சொல்ல வந்தேன், அழுகைதான் வந்தது. இருந்த பயமெல்லாம் அன்றுதான் வெளியே வந்தது என்று நினைக்கிறேன், அவர் மடியில் விழுந்து குழந்தையைப் போல அழுதேன்.

"சொல்லாத" என்றார் அவசரமாக. "நீ ஒன்னும் சொல்லாத. அது பேரு கூட எனக்கு வேணாம். முடிவ நானே பாத்துக்கறேன்."

கொஞ்ச நேரம் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு சொன்னார். "எனக்குத் தெரியும்னு அவனுங்களுக்குத் தெரியக் கூடாது. ரெண்டும் பயந்தாங்கொள்ளிங்க. ஒடம்புதான் வளந்துகீது. கேக்குதா?"

கேட்டது. அத்தையிடம் வியாதியின் பெயரை மறைக்க வேண்டும், கணவரிடம் அத்தைக்குத் தெரியும் என்பதை மறைக்க வேண்டும் என்று ஆகிப்போனது என் நிலைமை.

ஆபரேஷன் அன்று தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு, "புண்ணுதானேடா?" என்று மகனைக் கேட்டுச் சிரித்தார். "புண்ணுதாம்மா" என்றார் அவர். கதவு மூடிக்கொண்டது. அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றதைப்போல எந்தக் கதவையும் பார்த்து நான் நின்றதில்லை.

பிழைத்து வந்தார். இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். ஊசி மேல் ஊசி போட்டார்கள், முடியெல்லாம் கொட்டி, மறுபடியும் பூனைமுடி மாதிரி முளைத்தது. கைப்பிடிச் சோற்றை நாளெல்லாம் சாப்பிட்டார். ஒருநாள் என் கணவர் படுக்கையைத் தட்டிப்போடும்போது தலையணைக்கு அடியில் மாத்திரை கிடைத்தது. "உனக்கு அறிவு கிறிவு கீதாம்மா?" என்று கத்த ஆரம்பித்தார். அத்தை என் பக்கம் திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"எனக்கு இனிமே ஒன்னும் இல்லமே. திட்ட ஆரம்பிச்சிட்டான்" என்று அடுப்படிக்கு வந்து என் காதில் சொன்னார்.

அதற்குப் பிறகு இடையிடையே ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் வழக்கம்போல, பேஷண்ட் வெளியே இருக்கட்டும் என்பார்கள். என் கணவர் உள்ளே போவார், நான் அத்தையோடு பெஞ்சில் இருப்பேன். வெளியே வரும்போது அவர் ஏதாவது சொல்லித் திட்டுவார், நாங்கள் வீட்டுக்கு வருவோம்.

இந்த வாரம் மறுபடியும் போனோம். அத்தைக்கு மறுபடியும் சாப்பாடு இறங்காமல் இருந்தது. அதை நாங்கள் யாரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. கதவு மூடியது. உள்ளே வழக்கத்தைவிட நேரமாயிற்று. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை நான்தான் அவர் கையைப் பிடித்திருக்கிறேன்.

"வெளிய வந்து இன்னா சொல்றான்னு பாரு. டீ வாங்கியாரட்டுமாம்மான்னு கேட்டான்னா அவ்ளோதான்" என்றார்.

நான் வேண்டாத தெய்வம் இல்லை. என் புருஷன் வாயில் நல்ல வார்த்தை வரக் கூடாது, நாலு பேர் முன்னால் கண்டபடி திட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கைப்பிடி திரும்பியது.

"எத்தினி தபா சொல்றது, கால மடக்கி பெஞ்சு மேல வெக்காதன்னு? ஆஸ்பத்திரின்னு நெனச்சியா ஊடுன்னு நெனச்சியா? செருப்பு எங்க? எங்க வந்தாலும் ரோதன!"

அந்த வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அத்தை என் கையை விட்டார். "போடா, பெரிய ஆபீசரு" என்று சிரித்தபடி செருப்பைத் தேடினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆட்டோவில் ஓரமாக உட்காராதே என்று ஒரு திட்டு, காதில் காற்று போகும், முக்காடு போட்டுக்கொள் என்று ஒரு திட்டு. குமணன்சாவடி சிக்னலில் நின்றபோதுகூட விடவில்லை. அத்தை கரையான்சாவடியில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி எனக்குப் பூ வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் தானே கம்பளியைத் தூக்கி ஜன்னலில் மாட்டினார்.

நான் டீ வைக்க அடுப்படிக்குப் போனேன். பின்னாலேயே என் கணவர் வந்தார். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் பேசினார்.

"திரும்ப வந்துடுச்சு. ஈரல் வரைக்கும் போயிடுச்சாம். இனி ஒன்னும் பண்ண முடியாதுன்றாரு."

எனக்குப் புரியவில்லை. நம்ப முடியாமல் அவரையே பார்த்தேன். "அப்ப எதுக்கு அப்படித் திட்டுனீங்க?"

"நல்லா பேசினா கண்டுபுடிச்சிடும். போன தபா அந்தத் தப்பத்தான பண்ணோம்."

"அத்தைக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அது மடியில ஒக்காந்து எத்தினி படம் பாத்துகீறேன். ஆபரேஷனுக்கு உள்ள போவும்போது புண்ணுதானேடான்னு கேட்டுட்டு சிரிச்சுது பாரு, அப்பவே தெரியும்." குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழுவினார். "நீயும் போயி ஏதாவது சண்ட போடு, போ" என்றார்.

டீயை எடுத்துக்கொண்டு போனேன். படம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மலை பங்களா. என் முகம் தெரியாத அளவுக்கு அறை இருட்டாக இருந்ததற்கு அந்தக் கம்பளிக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாமே, சக்கரையே இல்ல" என்றார்.

"போட்டது அவ்வளவுதான். வேணும்னா நீங்களே போய்ப் போட்டுக்கோங்க" என்றேன். குரல் உடையாமல் சொல்லிவிட்டேன். எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம், மின்விசிறி ஓடாத அந்த அறையில் அவர் காதில் விழுந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

ஈரமான பூட்ஸ் படியேறியது, கதவுக்கு முன்னால் நின்றது. நான் வழக்கம்போலக் கத்த வேண்டிய இடம் அது. மறந்துவிட்டேன்.

"உம் புருஷன் இன்னிக்கு கொஞ்சம் ஜாஸ்தியாவே திட்டிட்டான், இல்ல?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் வாயைத் திறக்கவில்லை. கைப்பிடி மெல்லத் திரும்புவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை தன் டம்ளரிலிருந்த டீயில் பாதியைக் காலி டம்ளர் ஒன்றில் ஊற்றி என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நீ முடிவ சொல்லல இல்ல. குடிமே, ஆறிடப் போவுது" என்றார்.